பெரிய ப்ரொப்பெல்லர் மாட்டினால் போட் வேகமாகப் போகுமா? 9 ப்ரொப்பெல்லர் மாட்டிய சார்லஸ் பார்சன்ஸின் கதை

போன மழைக்காலம் முடிந்த கையோடு ஆரணி பக்கம் திருமலைக்குப் போயிருந்தேன். மலையில் செதுக்கியிருக்கும் நேமிநாதர் சிலையைப் பார்த்துவிட்டு, அப்படியே மாமா வீட்டில் இரண்டு நாள் தங்கல். வீட்டுக்குள் மாமாவின் பட்டுத் தறிச் சத்தம். வெளியே ஏரி நிறையத் தண்ணீர். மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கும் மாமா பையன், ஆன்லைனில் வாங்கிய ஆர்.சி. ஸ்பீட் போட்டைத் தூக்கிக்கொண்டு என்னையும் கரைக்கு இழுத்துப் போனான்.

போட்டில் முதலில் இருந்தது 40 மி.மீ. ப்ரொப்பெல்லர். அதைக் கழற்றிவிட்டு 45 மி.மீ. மாட்டியிருந்தான். 5 மி.மீ.தானே, இன்னும் பறக்கும் என்பது அவன் கணக்கு. முதல் ரவுண்டில் போட் முன்பைவிட மெதுவாகத்தான் போனது. இரண்டாவது ரவுண்டில் இரைச்சல் மட்டும் கூடியது. மூன்றாவது ரவுண்டில் உள்ளேயிருந்து புகை. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. எரிந்துபோச்சு. பேட்டரி டூப்ளிகேட் அண்ணா என்று அவன் புலம்ப, மாமா தறியிலிருந்து எழாமலே ஒன்று சொன்னார். இழை அறுந்தால் உடனே தறியைத் திட்டக்கூடாதாம். முதலில் பாவைப் பார், அப்புறம் ஊடையைப் பார், தறி கடைசி.

இன்ஜினில் பவர் இருக்கிறது, ஆனால் போட் நகர மாட்டேன் என்கிறது. இதே தலைவலி 130 வருஷத்துக்கு முன்னால் ஒருவருக்கு வந்தது. அவருடையது பொம்மைப் படகு இல்லை, 44 டன் எடையுள்ள கப்பல். தன் பெயரையும் புதிதாகத் தொடங்கிய கம்பெனியையும் அதன்மேல்தான் பந்தயம் கட்டியிருந்தார். அவர் சார்லஸ் ஆல்ஜெர்னன் பார்சன்ஸ்.

யார் இந்த பார்சன்ஸ்?

நீங்கள் இந்தக் கட்டுரையைப் படிக்கும் போனுக்கு சார்ஜ் ஏற்றிய மின்சாரத்தில் ஒரு பங்கு நெய்வேலியிலிருந்தோ, கல்பாக்கத்திலிருந்தோ, கூடங்குளத்திலிருந்தோ வந்திருக்கலாம். நிலக்கரியோ அணுவோ, இந்த மூன்று இடத்திலும் கடைசியில் நடப்பது ஒன்றுதான்: தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த நீராவியால் டர்பைனைச் சுற்றுவது. அந்த நீராவி டர்பைனை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் பார்சன்ஸ்.

1854 ஜூன் 13-ம் தேதி லண்டனில் பிறந்தார். வளர்ந்தது அயர்லாந்தில், பிர் என்ற ஊரில் இருக்கும் குடும்பக் கோட்டையில். அப்பா ராஸ் பிரபு பணக்காரர் மட்டுமல்ல, வானியல் கிறுக்கும் உள்ளவர். 72 அங்குல உலோகக் கண்ணாடியைத் தன் வீட்டுப் பட்டறையிலேயே வார்த்து, 1845-ல் பிரம்மாண்டமான தொலைநோக்கி ஒன்றைக் கட்டினார். 1917 வரை உலகில் அதைவிடப் பெரியது வரவில்லை. அம்மா மேரி, புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர். பிள்ளைகளை ஸ்கூலுக்கே அனுப்பவில்லை. வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்க வானியலாளர்களே இருந்தார்கள், விளையாட உலைக்களமும் கடைசல் இயந்திரமும் இருந்தன. நம்மில் பலருக்குக் கனவில்கூடக் கிடைக்காத பால்யம்தான், ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்தப் பட்டறையே ஒரு துக்கத்தையும் கொடுத்தது. 1869 ஆகஸ்ட் 31. குடும்பம் செய்த நீராவி வண்டி ஒன்றில் சார்லஸும் அண்ணனும் ஊருக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். கூடவே உறவுக்காரரான மேரி வார்டும் அவர் கணவரும். மேரி வார்டு மைக்ராஸ்கோப் பற்றிப் புத்தகங்கள் எழுதிப் பெயர் வாங்கியவர், வயது 42. ஒரு வளைவில் வண்டி குலுங்க, அவர் கீழே விழுந்து சக்கரத்தில் சிக்கி இறந்துபோனார். இயந்திர வண்டி விபத்தில் இறந்த முதல் ஆட்களில் ஒருவராக அவரைச் சொல்வார்கள். அப்போது சார்லஸுக்கு 15 வயது. அப்பா போய் இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

டப்ளினில் டிரினிட்டி கல்லூரி, பிறகு கேம்பிரிட்ஜில் கணிதம். 1877-ல் கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்வில் 11-வது இடம். பிரபு வீட்டுப் பையன், கணிதப் பட்டம் வேறு. அடுத்து என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? நியூகாசிலில் ஆம்ஸ்ட்ராங் தொழிற்சாலைக்குப் போய் அப்ரென்டிஸாகச் சேர்ந்தார். அங்கேயிருந்து லீட்ஸ் நகரத்தில் ஒரு கம்பெனிக்குப் போய், ராக்கெட்டில் ஓடும் டார்பிடோ செய்து பார்த்தார். 1883-ல் கேதரினைக் கல்யாணம் செய்த புதிதில், விடியற்காலைக் குளிரில் அவரையும் அழைத்துக்கொண்டு லீட்ஸ் ஏரிக்கு டார்பிடோ சோதனைக்குப் போவாராம். கேதரினுக்கு அதில் கடுமையான காய்ச்சல் வந்ததுதான் மிச்சம்.

டர்பைன்: ஒரே அடியாக இல்லாமல், படிப்படியாக

1884-ல் கேட்ஸ்ஹெட்டில் உள்ள கிளார்க், சாப்மன் கம்பெனியில் ஜூனியர் பார்ட்னரானார். அதே வருஷம் டர்பைன் பிறந்தது.

அதுவரை இருந்த நீராவி இன்ஜின்களில் பிஸ்டன் மேலும் கீழும் போகும். அதைச் சுழற்சியாக மாற்ற வேண்டும், வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. நீராவியை நேரடியாகச் சக்கரத்தின் இலைகள்மேல் பாய்ச்சலாமே என்று பலரும் யோசித்திருந்தார்கள். சிக்கல் என்னன்னா, உயர் அழுத்த நீராவியை ஒரே அடியாகத் திறந்துவிட்டால் அது பாயும் வேகத்துக்குச் சக்கரம் ஈடுகொடுக்க முடியாது, பிய்த்துக்கொண்டு போய்விடும். பார்சன்ஸ் அழுத்தத்தைத் துண்டுபோட்டார். ஒரே ஷாஃப்டில் வரிசையாகப் பல இலைச் சக்கரங்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் குறையும். ஒரு பெரிய அருவியைப் பல சின்னப் படிக்கட்டுகளாக மாற்றிய மாதிரி. அப்படியும் அவருடைய முதல் டர்பைன் நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றியது, 7.5 கிலோவாட் மின்சாரம் கொடுத்தது. அந்த வேகத்தில் ஓடும் ஜெனரேட்டர் எங்கேயும் கிடைக்கவில்லை, அதையும் அவரே செய்துகொண்டார்.

பெரியதைச் சின்னச் சின்னதாகப் பிரிப்பது என்ற இந்தப் புத்தியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்து, தண்ணீருக்குள் மறுபடியும் வரும்.

1889-ல் பார்ட்னர்களோடு ஒத்துப்போகவில்லை. வெளியே வந்து ஹீட்டனில் சொந்தக் கம்பெனி தொடங்கினார். ஆனால் காப்புரிமைகள் பழைய கம்பெனியிடமே நின்றுவிட்டன. தான் கண்டுபிடித்த டர்பைனைத் தானே செய்ய முடியாத நிலை. அதனால் நீராவி வேறு திசையில் பாயும் இன்னொரு வடிவத்தை உருவாக்கி அதில் பிழைப்பு நடத்தினார். 1894 வாக்கில்தான் பழைய உரிமைகள் கைக்கு வந்தன. அதே வருஷம், டர்பைனைக் கப்பலில் மாட்டிக் காட்டுகிறேன் என்று இன்னொரு கம்பெனியையும் ஆரம்பித்தார்.

டர்பினியா: ரப்பர் கயிற்றிலிருந்து நிஜக் கப்பல் வரை

முதலில் கட்டியது மாடல்தான். 2 அடி நீளப் படகைக் குளத்தில் இழுத்துப் பார்த்து, உடம்பு எந்த வடிவத்தில் இருந்தால் தண்ணீர் குறைவாகத் தடுக்கும் என்று அளந்தார். பிறகு 6 அடி மாடல். அதன் ப்ரொப்பெல்லரைச் சுற்ற மோட்டாரெல்லாம் இல்லை, முறுக்கிவிட்ட ரப்பர் கயிறு. பிரிட்டனின் பெரிய இன்ஜினியர்களில் ஒருவர் குளத்தங்கரையில் ரப்பரை முறுக்கிக்கொண்டு நிற்கும் காட்சி எனக்கு ரொம்பப் பிடித்தது. திருமலை ஏரிக்கரையில் நாங்கள் நின்றதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்தக் கணக்குகளை வைத்து டர்பினியா கட்டப்பட்டு, 1894 ஆகஸ்ட் 2-ம் தேதி தண்ணீரில் இறங்கியது. நீளம் சுமார் 31.6 மீட்டர், அகலம் 2.7 மீட்டர் மட்டும். ஊசி மாதிரி மெலிந்த கப்பல். ஒரு டர்பைன், அதோடு நேராக இணைந்த ஒரு ஷாஃப்ட், முனையில் ஒரு ப்ரொப்பெல்லர்.

நவம்பர் 14-ம் தேதி முதல் ஓட்டம். டர்பைன் வெறித்தனமாகச் சுற்றியது. கப்பல் நகர்ந்தது, அவ்வளவுதான். ப்ரொப்பெல்லரை மாற்றினார். இன்னொன்றை மாட்டினார். ஒரே ஷாஃப்டில் மூன்று ப்ரொப்பெல்லர்களை வரிசையாகக் கோத்தும் பார்த்தார். எவ்வளவு முயன்றும் 20 நாட்டைத் தொட முடியவில்லை. அதாவது மணிக்கு சுமார் 37 கி.மீ. அன்றைய சாதாரண டார்பிடோ படகுகளே இதைத் தாண்டின.

இந்த இடத்தில்தான் பார்சன்ஸை எனக்கு நிஜமாகவே பிடித்துப்போனது. டர்பைன் கப்பலுக்கு ஒத்துவராது என்று மூட்டை கட்டியிருக்கலாம். அல்லது இன்னும் பெரிய டர்பைன் போட்டிருக்கலாம். அவர் செய்தது அளவெடுப்பு. ஷாஃப்டில் எவ்வளவு முறுக்கு விசை போகிறது என்று காட்டும் ஸ்பிரிங் கருவி ஒன்றைச் செய்து, டர்பைனுக்கும் ப்ரொப்பெல்லருக்கும் நடுவில் வைத்தார். அது சொன்ன பதில் தெளிவாக இருந்தது: டர்பைன் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. பவர் ஷாஃப்ட் வரைக்கும் வருகிறது, தண்ணீருக்குள் போனதும் காணாமல் போகிறது. ப்ரொப்பெல்லர் சுற்றுவதில் கிட்டத்தட்டப் பாதி வீண்.

ஊட்டியில் சோறு வேக ஏன் நேரமாகிறது?

கேள்வி சம்பந்தமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் டர்பினியாவின் நோய் இதில்தான் இருக்கிறது.

உயரமான ஊரில் காற்றழுத்தம் குறைவு. அதனால் ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, 92-93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சூடு போதாததால் அரிசி வேக நேரமாகிறது. குக்கரில் வைத்தால் அழுத்தம் கூடி, சீக்கிரம் வெந்துவிடுகிறது. இதையே இன்னும் இழுத்துப் பாருங்கள். அழுத்தம் ரொம்பவே குறைந்தால், சாதாரண ஆற்றுத் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும்போதே கொதிக்கும்.

ப்ரொப்பெல்லர் இலையின் ஒரு பக்கம் தண்ணீரைத் தள்ளுகிறது, மறுபக்கம் இழுக்கிறது. இழுக்கும் பக்கத்தில் அழுத்தம் குறையும். இலை ரொம்ப வேகமாகச் சுற்றினால், அந்தப் பக்கம் தண்ணீர் கொதித்து ஆவிக் குமிழ்களாகிவிடும். இப்போது ப்ரொப்பெல்லர் பிடித்துத் தள்ளுவது தண்ணீரை அல்ல, குமிழை. பிடிமானமே இல்லை. சேற்றில் சிக்கிய பைக்கின் பின்சக்கரம் மாதிரி, சத்தம் வரும், சக்கரம் சுற்றும், வண்டி நகராது.

இதற்கு கேவிடேஷன் என்று பெயர். 1893-ல் டேரிங் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் சோதனையில் இந்தத் தொல்லையைப் பார்த்திருந்தார்கள். பெயரை முன்மொழிந்தவர் கப்பல் மாடல் சோதனைகளுக்குப் பேர்போன ஆர்.இ. ஃபுரூட். ஆனால் தண்ணீருக்கு அடியில் உண்மையில் என்ன நடக்கிறது என்று யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

வெந்நீர்த் தொட்டியில் 2 அங்குல ப்ரொப்பெல்லர்

1895-ல் பார்சன்ஸ் ஒரு சின்னத் தொட்டி செய்தார். செம்பினால் ஆன சதுரக் குழாய், வட்டமாக வந்து தன்னோடு தானே சேரும் சுற்றுப்பாதை. உள்ளே 2 அங்குல ப்ரொப்பெல்லர், பக்கத்தில் பார்க்கக் கண்ணாடி ஜன்னல். ஒரு மேஜைமேல் வைத்துவிடலாம், அவ்வளவுதான் அளவு.

சின்ன ப்ரொப்பெல்லரில் கேவிடேஷன் வரவைக்க வேண்டுமென்றால் அதைப் பயங்கர வேகத்தில் சுற்ற வேண்டும். அதற்குப் பதிலாக அவர் தண்ணீரைச் சூடாக்கினார், கிட்டத்தட்டக் கொதிநிலைக்கு. ஏற்கெனவே கொதிக்கத் தயாராக இருக்கும் தண்ணீரில், அழுத்தம் இம்மி குறைந்தாலே குமிழ் வந்துவிடும் இல்லையா? பிறகு தொட்டியை மூடி, பம்ப் வைத்து மேலே உள்ள காற்றையும் உறிஞ்சினார். சுற்றும் இலையைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால், ஆர்க் விளக்கின் வெளிச்சத்தை ஒரு சுற்றுக்கு ஒரு தரம் மட்டும் பளிச்சிட வைத்தார். இலை உறைந்து நிற்பதுபோலத் தெரிந்தது. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த குமிழும் தெரிந்தது.

உலகின் முதல் கேவிடேஷன் சோதனைத் தொட்டி அது. நியூகாசில் பல்கலைக்கழகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். விசாகப்பட்டினத்தில் நம் கடற்படை ஆய்வகத்தில் ப்ரொப்பெல்லர்களைச் சோதிக்கும் கேவிடேஷன் டனலுக்கு இதுதான் மூதாதை.

பார்த்தபின் தீர்வு புரிந்தது. ஒரு சதுர அங்குல இலைமேல் எவ்வளவு சுமை விழுகிறது என்பதுதான் விஷயம். மொத்தச் சுமையை நிறைய இலைப் பரப்புக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டால், எந்த இலையின் முதுகிலும் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்காது. அந்தப் பரப்பை ஒரே பெரிய ப்ரொப்பெல்லராகக் கொடுக்கவும் முடியாது. விட்டம் கூடினால் இலை நுனியின் வேகம் கூடும், மறுபடியும் குமிழ்.

டர்பினியாவைப் பிரித்துப்போட்டார். ஒரு டர்பைனுக்குப் பதில் மூன்று: உயர் அழுத்தம், நடு அழுத்தம், தாழ் அழுத்தம். ஒன்றிலிருந்து வெளியேறும் நீராவி அடுத்ததற்குப் போகும். ஒவ்வொன்றுக்கும் தனி ஷாஃப்ட். ஷாஃப்டுக்கு மூன்று ப்ரொப்பெல்லர், ஒவ்வொன்றும் சுமார் 18 அங்குல விட்டம். மொத்தம் ஒன்பது. நீராவியில் செய்த அதே படிக்கட்டு வேலை, இப்போது தண்ணீரில்.

1897 ஏப்ரலில் பேராசிரியர் எவிங் வந்து தனியாகச் சோதித்தார். சராசரி வேகம் 32.75 நாட்.

சரி, உங்க ஆர்.சி. போட்டுக்கு இதில் என்ன இருக்கு?

நிறைய. முதலில் ப்ரொப்பெல்லர் நம்பரைப் படிக்கக் கத்துக்கணும். ஆர்.சி. ரேஸ் போட்டுக்கு வரும் உலோக ப்ரொப்பெல்லர்களில் 440 என்று இருந்தால், கடைசி இரண்டு எண்கள் விட்டம், 40 மி.மீ. முதல் எண் பிட்ச் விகிதம், 1.4. பிட்ச் என்பது ஒரு ஸ்க்ரூ மரத்துக்குள் ஒரு சுற்றில் எவ்வளவு இறங்குமோ அது. 40 மி.மீ. விட்டத்தை 1.4-ஆல் பெருக்கினால் 56 மி.மீ. அதாவது தண்ணீர் கெட்டியான பொருளாக இருந்தால், ஒரு சுற்றுக்கு போட் 56 மி.மீ. முன்னேறும்.

மோட்டார் 2,000 கே.வி., பேட்டரி 14.8 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். சுமை இல்லாமல் நிமிடத்துக்கு 29,600 சுற்று. 56 மி.மீ.-ஆல் பெருக்கினால் மணிக்கு சுமார் 99 கி.மீ. வரும். பேப்பரில்! ஏரியில் சுமை ஏறியதும் சுற்று குறையும், ப்ரொப்பெல்லரும் கொஞ்சம் வழுக்கும், வேகம் இதைவிட நன்றாகவே கீழே நிற்கும்.

இப்போ மாமா பையன் விஷயத்துக்கு வருவோம். ஒரே வடிவ ப்ரொப்பெல்லர் ஒரே வேகத்தில் சுற்றினால், அதற்குத் தேவைப்படும் பவர் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 40-லிருந்து 45 என்பது 12.5 சதவீதக் கூடுதல். 1.125-ஐ ஐந்து தடவை பெருக்கிப் பாருங்கள், 1.8 வரும். 5 மி.மீ. கூட்டியவன் மோட்டாரிடம் 80 சதவீதம் கூடுதல் வேலை கேட்டிருக்கிறான். மோட்டாரால் அந்த வேகத்தில் சுற்ற முடியவில்லை. சுற்று குறைந்தது, கரண்ட் எகிறியது, ஈ.எஸ்.சி. போனது. பாவம், பேட்டரி மேல் தப்பே இல்லை.

அதனால் மாற்றும்போது 1 அல்லது 2 மி.மீ. அளவில் மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரை நிமிடம் ஓட்டி, கரைக்குக் கொண்டுவந்து மோட்டார், ஈ.எஸ்.சி., பேட்டரி மூன்றின் சூட்டையும் பாருங்கள். ஒரு வாட் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. பார்சன்ஸின் ஸ்பிரிங் கருவி செய்த வேலையை இப்போது அது செய்யும்.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். இன்றைய ஆர்.சி. ரேஸ் போட்களில் ப்ரொப்பெல்லர் முழுக்க மூழ்காது. பாதி வெளியே, பாதி உள்ளே. இலை ஒவ்வொரு சுற்றிலும் மேலேயிருந்து காற்றை இழுத்துக்கொண்டு இறங்கும். ஆவிக் குமிழ் உருவாக வேண்டிய இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. கேவிடேஷனோடு சண்டை போடாமல், அந்த வெற்றிடத்துக்குக் காற்றை வாடகைக்கு விட்ட மாதிரி. ஷாஃப்ட் மையம் தண்ணீர் மட்டத்தில் சரியாக உட்கார்ந்தால்தான் இது வேலை செய்யும். ஸ்ட்ரட்டை ஒரு மி.மீ. ஏற்றி இறக்கினால்கூட போட்டின் குணம் மாறும்.

பிறகு பேலன்ஸ். வாங்கியபடியே மாட்டினால் ஓர் இலை கனமாக இருக்க வாய்ப்புண்டு. 25,000 சுற்றில் அந்தச் சின்ன எடை ஷாஃப்டையும் பேரிங்கையும் தின்றுவிடும். பேலன்சரில் வைத்து, கீழே தொங்கும் இலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும். தண்ணீரை வெட்டும் விளிம்பைக் கூர்மையாக்கி, முகத்தைப் பாலிஷ் செய்ய வேண்டும். இங்கே கவனம்: பல ரேஸ் ப்ரொப்பெல்லர்கள் பெரிலியம் செம்பில் வார்க்கப்படுபவை. அந்தத் தூள் நுரையீரலுக்குப் போனால் தீராத நோய் வரலாம். உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், சரியான மாஸ்க் போடுங்கள். தறி ஓடும் வீட்டுக் கூடத்திலோ சமையலறையிலோ இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

கடற்படை நடுவே ஒரு ஊசிப் படகு

1897 ஜூன் 26. விக்டோரியா ராணி அரியணை ஏறி 60 வருஷம் ஆனதைக் கொண்டாட, ஸ்பிட்ஹெட் கடலில் பிரிட்டிஷ் கடற்படை அணிவகுத்து நின்றது. 160-க்கும் மேற்பட்ட போர்க்கப்பல்கள், வரிசை வரிசையாக. ராணிக்குப் பதிலாக இளவரசர் வந்திருந்தார். பல நாட்டு விருந்தினர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வரிசைகளுக்கு நடுவில் டர்பினியா பாய்ந்தது. புகைபோக்கியில் தீ நாக்கு, பின்னால் மலைபோல் அலை, வேகம் சுமார் 34 நாட், மணிக்கு 63 கி.மீ. காவலுக்கு நின்ற படகுகள் துரத்தின. எதனாலும் நெருங்க முடியவில்லை. சுக்கான் பிடித்தவர் நண்பர் லேலண்ட், இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் பார்சன்ஸ். அனுமதி இருந்ததா, இல்லாமல் நுழைந்தாரா என்பது இன்றும் பேசப்படும் விஷயம். எப்படியானாலும், மூன்று வருஷத்துக்கு முன் 20 நாட்டைத் தொடாத கப்பல்தான் இது.

அடுத்த வருஷம், 1898-ல், நியூயார்க்கில் நிகோலா டெஸ்லா ஒரு சின்னப் படகைத் தொடாமலே ரேடியோ அலையால் ஓட்டிக் காட்டினார். ஆர்.சி. போட்டின் தாத்தா அது. ஒரு வருஷ இடைவெளியில் இரண்டு கதைகளும் தொடங்கியிருக்கின்றன.

வைப்பர், கோப்ரா

கடற்படை ஆர்டர் வந்தது. வைப்பர் என்ற டெஸ்ட்ராயருக்கு நான்கு ஷாஃப்ட், எட்டு ப்ரொப்பெல்லர்; 36 நாட்டைத் தாண்டியது. ஆனால் 1901 ஆகஸ்டில் மூடுபனியில் பாறையில் மோதி உடைந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அடுத்த மாதமே இன்னொரு டர்பைன் கப்பலான கோப்ரா, வட கடலின் கொந்தளிப்பில் இரண்டாக உடைந்து மூழ்கியது. 67 பேர் இறந்தார்கள், பிழைத்தவர்கள் 12 பேர். இறந்தவர்களில் பார்சன்ஸின் தொழிற்சாலை ஆட்களும் இருந்தார்கள், டர்பினியா காலத்திலிருந்து கூட வேலை செய்தவர்களும் உண்டு. இரண்டு விபத்துக்கும் டர்பைன் காரணமில்லை. ஆனாலும் ஏழு வாரத்துக்குள் கடற்படையிடம் ஒரு டர்பைன் டெஸ்ட்ராயர்கூட மிச்சமில்லை, தினமும் பார்த்த முகங்களும் இல்லை. 15 வயதில் பார்த்ததையும் இதையும் சேர்த்துத்தான் அவர் சுமந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு வளர்ச்சி வேகமாகப் போனது. 1901-ல் கிங் எட்வர்ட் என்ற பயணிகள் கப்பல், 1906-ல் டிரெட்நாட் போர்க்கப்பல், 1907-ல் லூசிடேனியா, மொரிடேனியா. மொரிடேனியா 1909-ல் எடுத்த அட்லாண்டிக் வேக சாதனையை 1929 வரை யாரும் பறிக்கவில்லை.

ஆனால் கேவிடேஷன் அவரை விடவில்லை. பெரிய கப்பல்களின் ப்ரொப்பெல்லர் வெண்கலம், கரையான் அரித்த மாதிரி குழிகுழியாகப் போனது. ஆவிக் குமிழ் சரிந்து மூடும்போது மிகச் சின்ன இடத்தில் பேரழுத்தம் உண்டாகி, உலோகத்தைச் சுத்தியலால் அடிப்பதுபோல அடிக்கிறது. இந்தச் சரிவின் கணக்கை 1917-ல் ராலே பிரபு போட்டுக் காட்டினார். பார்சன்ஸும் தன் பங்குக்கு, 12 அங்குல ப்ரொப்பெல்லரை வைத்துப் பார்க்கும் அளவுக்குப் பெரிய சோதனைத் தொட்டி கட்டியிருந்தார்.

இன்னொரு அடிப்படைச் சிக்கலும் பாக்கி இருந்தது. டர்பைன் வேகமாகச் சுற்றினால்தான் நன்றாக வேலை செய்யும். ப்ரொப்பெல்லரோ பெரியதாக இருந்து மெதுவாகச் சுற்றினால்தான். இரண்டையும் நேராக இணைத்தால் இரண்டுக்குமே நஷ்டம். ஒன்பது ப்ரொப்பெல்லர் மாட்டியது ஒரு சமரசம்தான், அது அவருக்கும் தெரியும். சரியான தீர்வு கியர். வெஸ்பேசியன் என்ற பழைய சரக்குக் கப்பலை வாங்கி, 1910 வாக்கில் டர்பைனுக்கும் ப்ரொப்பெல்லருக்கும் நடுவில் சுமார் 20-க்கு 1 என்ற கியர் மாட்டி ஓட்டினார். நிலக்கரிச் செலவு குறைந்தது. கியர் பற்களை இரைச்சலில்லாமல் துல்லியமாக வெட்டும் முறையையும் அவரே மேம்படுத்தினார்.

கடைசி வருஷங்கள்

1911-ல் சர் பட்டம். 1927-ல் ஆர்டர் ஆஃப் மெரிட். இன்ஜினியர் ஒருவருக்கு அது அபூர்வம். நடுவில் செயற்கை வைரம் செய்யப் பல வருஷம் முயன்று தோற்றார். ஒரே மகன் முதல் உலகப் போரில் 1918-ல் இறந்தான். மகள் ரேச்சல் இன்ஜினியரானார். போர் முடிந்ததும் தொழிற்சாலைகளிலிருந்து பெண்களை வெளியேற்றியபோது, அம்மா கேதரினும் மகளும் மற்றவர்களோடு சேர்ந்து 1919-ல் பெண் இன்ஜினியர்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். முதல் தலைவர் ரேச்சல்தான். ஏரிக்கரைக் குளிரில் நின்ற கேதரின் இதைச் செய்தார் என்பது எனக்குக் கூடுதல் சந்தோஷம்.

1931 பிப்ரவரி 11. மனைவியோடு கடல் பயணம் போயிருந்த பார்சன்ஸ், ஜமைக்காவின் கிங்ஸ்டன் துறைமுகத்தில் கப்பலிலேயே காலமானார். வயது 76. டர்பினியா இப்போது நியூகாசிலில் உள்ள டிஸ்கவரி மியூசியத்தில் நிற்கிறது.

திருமலையில் மாமா பையன் புது ஈ.எஸ்.சி., 38 மி.மீ. ப்ரொப்பெல்லர், கூடவே ஒரு வாட் மீட்டர் ஆர்டர் போட்டு, மூன்றும் வந்து சேர்ந்துவிட்டன. ஏரியில்தான் தண்ணீர் வற்றிவிட்டது. அடுத்த மழைக்குக் காத்திருக்கிறான்.